இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் எழுந்த துன்பியல் நாடகங்களில் பெண்கள் வதைபடுவதற்கும் சாவதற்கும் மட்டுமே படைக்கப்பட்டார்களா?

பிணங்களை மட்டும் எண்ணினால் ஆம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அந்த நாடகங்களில் ஆண்களும் கொத்துக்கொத்தாகத்தான் சாகிறார்கள். முதுகலைப் படிப்பில் தொடங்கி இவற்றைப் பல முறை வாசித்த என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று: தனக்குத் தெரிந்த உண்மையை ஒரு பெண் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மேடையில் என்ன மதிப்பு கிடைக்கிறது என்பதுதான் அது.

1587ஐ ஒட்டி தாமஸ் கிட் எழுதியதாகக் கருதப்படும் 'ஸ்பானிஷ் டிராஜடி'யை முதலில் பார்க்கலாம். பெல்-இம்பீரியாவின் காதலன் ஹொரேஷியோவை அவளுடைய அண்ணனும் இளவரசன் பல்தசாரும் அவள் கண்முன்னே கொன்றுவிட்டு, அவளை அடைத்து வைக்கிறார்கள். மை கிடைக்காத நிலையில் தன் இரத்தத்தைத் தொட்டுக் கொலையாளிகளின் பெயரை எழுதி, ஹொரேஷியோவின் தந்தை ஹைரோனிமோவுக்கு அனுப்புகிறாள். பெற்ற மகனைப் பறிகொடுத்தவரே அதை நம்பவில்லை. தன்னைச் சிக்க வைக்கும் சூழ்ச்சியாக இருக்குமோ என்று ஐயுறுகிறார். பிறகு, கொலைக்கு உடந்தையாக இருந்த வேலைக்காரன் ஒருவன் வேறொரு குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட, அவனிடம் இருந்த கடிதத்தைத் தூக்குப்போட்டவன் கொண்டுவந்து கொடுக்கிறான். அதைப் படித்த பின்புதான் பெல்-இம்பீரியா எழுதியது பொய்யில்லை என்கிறார் ஹைரோனிமோ. இரத்தத்தால் எழுதிய உயர்குடிப் பெண்ணின் சாட்சியத்துக்குத் தூக்கில் தொங்கியவனின் காகிதம் உறுதிச் சான்று தரவேண்டியிருக்கிறது! இறுதியில் நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில் அவள் பல்தசாரைக் குத்திக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். கதைப்படி அவள் ஏற்ற பாத்திரம் சாகவேண்டும்; அவள் பிழைத்திருக்க வேண்டும் என்று கருதி அந்த முடிவை மாற்றி அமைத்திருந்ததாக ஹைரோனிமோ சொல்கிறார். தன் சாவைப் பற்றிய முடிவையாவது அவள் யார் கையிலும் விடவில்லை என்றே நான் அதைப் படிக்கிறேன்.

1594இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆன்ட்ரோனிக்கஸ்' இதைவிடக் கொடியது. ரோமானியத் தளபதி டைட்டஸின் மகள் லவீனியாவைப் பாலியல் வன்கொடுமை செய்த எதிரிச் சகோதரர்கள் இருவரும் அவளுடைய நாக்கை அறுத்து, கைகளையும் வெட்டிவிடுகிறார்கள். கைகளை ஏன் வெட்டவேண்டும்? ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன பழங்கதையில் நாக்கறுபட்ட ஃபிலோமெலா நடந்ததைத் துணியில் நெய்து காட்டிவிட்டாள். அந்த வழியும் அடைக்கப்படுகிறது. முடிந்தால் எழுதிக் காட்டு என்று அவர்கள் எள்ளிவிட்டும் போகிறார்கள். அவளைக் கண்டெடுக்கும் சித்தப்பா மார்க்கஸோ, நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகளில் அவளது அழகையும் காயங்களையும் உவமை உவமையாக வருணிக்கிறார். எதிரே நிற்பவளால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. அந்த உரையை ஒரே மூச்சில் படித்து முடிக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

ஆனாலும் அவள் வழி கண்டுபிடிக்கிறாள். அண்ணன் மகனின் புத்தகங்களிடையே கிடந்த ஓவிடின் நூலை வெட்டுப்பட்ட கைகளால் புரட்டி ஃபிலோமெலாவின் கதையைக் காட்டுகிறாள். பின்னர் ஒரு கோலை வாயில் கவ்வி, எஞ்சிய கைகளால் அதை நகர்த்தி, குற்றத்துக்கான லத்தீன் சொல்லையும் இரண்டு பெயர்களையும் மணலில் எழுதுகிறாள். இந்தச் சாட்சியம் உடனே நம்பப்படுகிறது. அதனால் அவளுக்குக் கிடைத்தது என்ன? கடைசி விருந்தில் டைட்டஸ், களங்கப்பட்ட மகளைப் பழங்கதையில் வரும் ரோமானியன் வெர்ஜீனியஸ் கொன்றது சரியா என்று பேரரசனிடம் கேட்கிறார். சரி, அவள் தன் அவமானத்தோடு வாழக் கூடாது என்று பேரரசன் சொன்ன மாத்திரத்தில் மகளைக் கொல்கிறார். லவீனியாவை யாரும் கேட்கவில்லை. மணலில் எழுதத் தெரிந்தவளிடம் இன்னொரு முறை கோலைக் கொடுத்திருக்கலாமே என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் எனக்கு எழும்.

மேடைக்கு வெளியே சட்டமும் இதே சாய்வோடுதான் இருந்தது. கணவனைக் கொல்லும் மனைவியின் குற்றம் வெறும் கொலையாக எண்ணப்படாமல், 1351ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு இராஜதுரோகமாகவே, அதாவது தனக்கு மேலானவருக்கு எதிரான துரோகமாகவே, கருதப்பட்டது. கணவன் கொலைக்காக 1551இல் கேன்டர்பரியில் எரிக்கப்பட்ட ஆலிஸ் ஆர்டனின் கதை 'ஆர்டன் ஆஃப் ஃபேவர்ஷம்' என்ற நாடகமாக 1592இல் அச்சானது. அதில் சூசன் என்ற பணிப்பெண், கொலை முடியும்வரை தனக்கு எதுவும் தெரியாதே, பிறகு ஏன் சாகவேண்டும் என்று கேட்கிறாள். பதில் இல்லை, அவளும் தண்டிக்கப்படுகிறாள்.

இந்தப் பெண்களின் பாத்திரங்களை ஏற்றவர்கள் சிறுவர்கள் என்பதால் பார்வையாளர் அவற்றில் ஒன்றியிருக்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். எலிசபெத் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1610இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தைப் பார்த்த ஹென்றி ஜாக்சன் என்பவர் லத்தீனில் எழுதிய கடிதம் இருக்கிறது. நடித்த சிறுவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கணவனால் கொல்லப்படும் நாயகி டெஸ்டிமோனாவை ஒரு பெண்ணாகவே குறிப்பிடுகிறார். தன் வழக்கை அவள் எப்போதும் மிக நன்றாக எடுத்துரைத்தாள், ஆனாலும் கொல்லப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது அவளுடைய முகமே எங்களை இன்னும் கூடுதலாக உருக்கியது என்கிறார்.