பத்தாயம் பொறுத்திருக்கட்டும், அடுக்களையில் தொடங்குங்கள்

வாசகர் கேள்வி: எங்களுடையது பூதப்பாண்டிக்கு அருகிலுள்ள பழைய ஓட்டு வீடு. மாமியார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மச்சிலும் (ஓட்டுக்கு அடியிலுள்ள பரண்) பத்தாயத்திலும் (நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி) அவருடைய பாத்திரங்கள், துணிப்பெட்டி, பழைய பத்திரங்கள் எல்லாம் கிடக்கின்றன. வீட்டை ஒட்டிய சாய்ப்பு (சாய்வான கூரையுள்ள கொட்டகை) முழுவதும் என் கணவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளும் பழுதான மின்சாதனங்களும் நிறைந்திருக்கின்றன. ஓடு மாற்றுவதற்குள் வீட்டை ஒழித்து ஒழுங்குபடுத்த எண்ணி மூன்று முறை மச்சிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் இரண்டே நாளில் மனம் சோர்ந்து, இறக்கியதைத் திரும்ப ஏற்றிவிட்டேன். கணவரோ, "அது அங்கேயே கிடக்கட்டும்" என்கிறார். இந்த வேலையை முடிக்கும் ஊக்கம் எனக்கு எப்படி வரும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்களிடம் ஊக்கம் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுக்கு அடியில், அந்தப் புழுக்கத்திலும் தூசியிலும் குனிந்து நின்று இரண்டு நாள் பொருள் இறக்கியவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. தொடங்கிய இடம்தான் தவறு. மச்சில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உங்களுடையவை அல்ல என்பதால், ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போதே இது யாருக்குச் சேரவேண்டியது, நாத்தனார் கேட்டால் என்ன சொல்வது, கொடுத்துவிட்டால் மாமியாரை மறந்ததாக ஆகிவிடுமோ என்று மனம் அலைபாயத்தான் செய்யும். அவ்வளவையும் தாண்டி மச்சை ஒழித்துவிட்டாலும், மறுநாள் காலையில் அதை ஏறிப் பார்ப்பவர் யாருமில்லை. முடிவெடுப்பது மிகக் கடினமாகவும் பலன் கண்ணில் படாமலும் இருக்கும் இடத்தில் மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் உங்களையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே மச்சையும் பத்தாயத்தையும் இப்போதைக்கு மறந்துவிட்டு, அடுக்களையில் நீங்கள் தினமும் கைவைக்கும் ஒரே ஓர் அலமாரித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவை உங்கள் பொருள்கள், யாரையும் கேட்கவேண்டியதில்லை. மூடியில்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், கைப்பிடி கழன்ற தவா, அடிப்பிடித்துக் கருகிப்போன பால் பாத்திரம், என்றைக்காவது உதவும் என்று சேர்த்துவைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் ஆகியவற்றைத் தரையில் பரப்பி, மூடியையும் டப்பாவையும் பொருத்திப் பார்த்து, பொருந்தாததை ஒரு சாக்கில் போடுங்கள். முக்கால் மணி நேரத்திற்குமேல் செய்யவேண்டாம். மறுநாள் காலையில் தேயிலை டப்பாவை எடுக்கக் கை நீட்டும்போது நான்கு பாத்திரங்கள் சரிந்து விழாமல் அது நேராகக் கைக்கு வருமே, அந்தச் சிறு வசதிதான் அடுத்த தட்டை ஒழிக்கும் ஊக்கத்தைத் தரும். ஊக்கம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் வருவதில்லை; செய்த வேலை கண்ணெதிரே நிற்கும்போதுதான் வருகிறது.

இதில் ஒரு நிபந்தனையை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். கழித்த பொருள் அன்றைக்கே வீட்டைவிட்டுப் போய்விடவேண்டும், அல்லது போகும் நாள் அன்றைக்கே உறுதியாகவேண்டும். வாசல் படிப்புரையில் கிடக்கும் சாக்கு ஒரு வாரம் தங்கினால், அதிலிருந்து ஒரு பாத்திரம், பிறகு இரண்டு பாத்திரம் என்று மெல்ல உள்ளே திரும்பிவிடும். பழைய பொருள்களை எடைக்கு வாங்கும் ஆக்கர் கடைக்காரர் உங்கள் தெருவுக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்தைய நாள் வேலை செய்வது நல்லது. கழித்தவற்றை விளையில் (வீட்டுத் தோட்டத்தில்) போட்டு எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். குழல்விளக்கிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது. அவற்றையும் பேட்டரிகளையும் காலாவதியான மாத்திரைகளையும் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கவேண்டும் என்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டன.

பத்திரங்களைப் பற்றி நீங்கள் ஒரே சொல்லில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) இணையும் வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால், அக்காலத்துப் பத்திரங்கள் பல மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கும். படிக்கத் தெரியவில்லை என்பதற்காகப் பழைய காகிதக் கட்டு என்று எடைக்குப் போட்டு, பின்னாளில் பாகப்பிரிவினையின்போதோ வங்கிக் கடனுக்கோ மூலப் பத்திரம் இல்லாமல் அலைய நேரிடக்கூடாது. முத்திரைத்தாள், தீர்வை ரசீது, பட்டா, உயில் என்று எது கிடைத்தாலும் கழிக்கும் கட்டில் சேர்க்காமல் ஒரு பெட்டியில் வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக உருவி எடுத்துவிட்டு, ஈரம் இருந்தால் வெயிலில் அல்லாமல் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். லாமினேஷன் செய்யவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய நெகிழித் தாளைப் பிறகு காகிதத்திற்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் காட்டி, எந்தச் சொத்து, எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்பதைத் தனித்தாளில் தமிழில் எழுதி உடன் வைத்துவிட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக அது இருக்கும்.

கணவரின் பெட்டிகளை அவர் இல்லாத நேரத்தில் திறந்து ஒழிக்காதீர்கள். உங்களுக்கு இடத்தை அடைக்கும் பெட்டியாகத் தெரிவது, அவருக்கு வீட்டைவிட்டுப் பிரிந்து வெயிலில் உழைத்த ஆண்டுகளாகத் தெரியலாம். தம் கையில் இருக்கும் பொருளை மனிதர் இயல்பாகவே கூடுதலாக மதிப்பார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோப்பையைக் கையில் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை பெறாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கிடைத்துச் சற்று நேரமே ஆன கோப்பைக்கே இந்த நிலை என்றால், கடல் கடந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. "இதை வைத்துக்கொள்ளவா, கழிக்கவா" என்று அவரிடம் கேட்காமல், "பக்கத்து வீட்டில் இதே பொருளைச் சும்மா தந்தால் நாம் வாங்கி வருவோமா" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வேண்டும் என்று சொன்னால் வாதாடாமல் திரும்ப வைத்துவிடுங்கள். அடுக்களை சீரானதைப் பார்த்த பிறகு அவர் தாமாகவே சாய்ப்பின் பக்கம் போவதற்கு வாய்ப்பு உண்டு.

காலத்தையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டிலும் நனைவது நம் மாவட்டம். ஆனி, ஆடியிலோ ஐப்பசி, கார்த்திகையிலோ மச்சிலிருந்து துணியை இறக்கினால் உலர்த்த வழியில்லாமல் பூசணம் பிடித்து, அதுவே உங்களை மறுபடியும் சோர்வில் தள்ளும். அடுக்களையையும் சாய்ப்பையும் மழைக்காலத்தில் முடித்துக்கொண்டு, கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் காயும் தை, மாசி வெயிலுக்கு மச்சையும் பத்தாயத்தையும் ஒதுக்கிவையுங்கள். ஓடு மாற்றும் வேலைக்கும் அதுவே ஏற்ற பருவம்.

மாமியாரின் பாத்திரங்களில் வெண்கலம் எது, பித்தளை எது என்று பிரித்தறியாமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கல உருளிக்கு, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைவிட விலை அதிகம்; இரண்டையும் ஒன்றாக நிறுத்து ஒரே விலை பேசுவது உங்களுக்கு நட்டம். ஆனால் விலையைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே, அவற்றைக் கணவரின் உடன்பிறந்தார் அனைவருக்கும் காட்டிவிடுவதுதான் முறை.

துணிப்பெட்டியை மட்டும் தனியே திறக்காதீர்கள். அது மாமியாரின் மகளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து திறக்கவேண்டிய பெட்டி. எந்தச் சேலையை யார் எடுத்துக்கொள்வது, எதைப் பேரப்பிள்ளைக்குத் தைத்துக் கொடுப்பது என்பதையெல்லாம் இருவரும் பேசி முடிவுசெய்யும்போது, நீங்கள் இதுவரை தனியாகச் சுமந்த தயக்கத்தில் பாதியை அவரும் வாங்கிக்கொள்வார். தை பிறக்கும்வரை காத்திராமல், பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கும்படி உங்கள் நாத்தனாரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.