3 வருடமும் 2 வருடமும் சேர்த்து 5 இல்லை

உங்கள் அண்ணனுக்கு 3 வருடம், 2 வருடம் என்று இரண்டு சிறைத் தண்டனை வந்திருக்கிறது, மொத்தம் 5 வருடமா என்று கேட்டிருந்தீர்கள். மொத்தம் 3 வருடம்தான். நீங்கள் போட்ட தீர்ப்பு வரியில் 'கன்கரன்ட்லி' என்று இருக்கிறது. அதனால் அவருக்கு இரண்டு தண்டனையும் ஒரே நேரத்தில் ஓடும். 'கன்செக்யூட்டிவ்லி' என்று இருந்தால்தான் ஒன்று முடிந்து மற்றது, 5 வருடம்.

'கன்விக்டட்' வரிகளை எண்ணிக் கூட்டியிருப்பீர்கள். அது குற்றம் நிரூபணமானதைத்தான் சொல்கிறது. தண்டனை 'சென்டென்ஸ்' பத்தியில் இருக்கும்.

அதில் 'இன் டிஃபால்ட்' இருக்கிறதா பாருங்கள். அபராதம் கட்டாவிட்டால் வரும் சிறை அது. மற்றதோடு சேர்ந்து ஓடாது, மேலே கூடும். முடிந்தால் அபராதத்தை உடனே கட்டிவிடுங்கள். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களும் கழியும், 'செட் ஆஃப்' என்று தேடுங்கள்.

இது ஒரே வழக்குக்கான கணக்கு. வேறு வழக்கிலும் தண்டனை இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்.