நான்கு ரூபாய்ப் புத்தகத்துக்கு இன்று என்ன விலை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காட்பாடி காந்திநகரில் சொந்த வீடு. நாற்பது வருடமாகச் சேர்த்த புத்தகங்கள் சுமார் 1,800 இருக்கின்றன. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று ஏஜென்டைக் கூப்பிட்டேன். 'புத்தகத்துக்கு எவ்வளவு போடலாம் சார்?' என்றார். இத்தனை வருடமாக நான் கொடுத்த காசைக் கூட்டினால் 70,000 ரூபாய் தேறும். பாதிக்கு மேல் பில் இல்லை. மருமகளோ, 'பழைய பேப்பர்காரருக்குப் போட்டால் என்ன வரும் மாமா?' என்று சிரிக்கிறாள். எந்தத் தொகையை எழுதுவது, எப்படி எழுதி வைப்பது? பி.கு.: குடியாத்தத்து நண்பரிடம் இரவல் போன முப்பது புத்தகங்களையும் கணக்கில் சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ஐயா, மருமகள் சொன்ன எடைக்கணக்கை முதலில் ஓரம்கட்டுங்கள். உங்கள் 70,000-ஐயும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாளைக்கே அந்த அலமாரிகள் தீயில் போனால், அதே புத்தகங்களைக் கடையில் போய் மறுபடி வாங்க எவ்வளவு ஆகும்? பாலிசியில் ஏற வேண்டிய தொகை அதுதான்.

2021 ஏப்ரலிலிருந்து வீட்டுக்கான பொதுவான பாலிசியாக 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒன்று இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. வீட்டுச் சாமான் பாழானால் பழுது பார்க்கும் செலவையோ, அதே மாதிரிப் பொருளை வாங்கும் செலவையோ தருவதுதான் அதன் வழக்கம். 1984-இல் 6 ரூபாய்க்கு வாங்கிய நாவலின் புதுப் பதிப்பு இன்று 250 ரூபாய் என்றால், கணக்குக்கு 250.

அப்படியானால் கொடுத்த விலையை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். புத்தகம் உங்களுடையதுதான், இன்ன வருடம், இன்ன இடத்தில் வாங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. என் மேஜை மேல் இப்போது கிடக்கும் ஒன்றைப் பாருங்கள். உள்ளட்டையில் பென்சிலில் 'மூர் மார்க்கெட், ரூ. 4, 1979' என்று என் கையெழுத்து. பதிப்பு விவரப் பக்கத்தில் அச்சிட்ட விலை ரூ. 7.50. அதன் மேல் பதிப்பகத்தார் ஒட்டிய துண்டுச் சீட்டில் ரூ. 12. பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தே போய்விட்டது, பில் கேட்டு இனி யாரிடம் போவது? உள்ளட்டையையும் பதிப்புப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தால் மூன்று விலையும் அதில் வந்துவிடும். நோட்டில் 4 ரூபாயையும் இன்றைய விலையையும் மட்டும் எழுதினால் போதும்.

ஆனால் 1,800 புத்தகத்துக்கும் இப்படி உட்கார்ந்தால் 'க' வரிசை முடிவதற்குள் சலித்து விட்டுவிடுவீர்கள். நானே இரண்டு தடவை விட்டவன். அதனால் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் புத்தகங்களைத் தட்டுத் தட்டாகப் பாருங்கள். முதுகெழுத்து தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு தட்டையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முதுகில் பெயர் இல்லாத பழைய புத்தகங்களை மட்டும் வெளியே இழுத்து முகப்பைப் படம் பிடியுங்கள். அப்புறம் ஒரு தட்டில் பத்துப் புத்தகத்துக்கு மட்டும் இன்றைய விலையைப் பதிப்பக விலைப்பட்டியலில் தேடுங்கள். பத்தும் சேர்ந்து 2,400 ரூபாய் என்றால் சராசரி 240. தட்டில் 36 புத்தகம் இருந்தால் 8,640. எல்லாத் தட்டும் இதே மாதிரி அமைந்தால் உங்கள் 1,800-க்கும் 4,32,000 ரூபாய் வருகிறது. 70,000 எங்கே, இது எங்கே! நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களை யாரும் அச்சிடலாம் என்பதால் ஆளாளுக்கு ஒரு விலை போட்டிருப்பார்கள். உங்களிடம் இருப்பது கெட்டி அட்டை என்றால் கெட்டி அட்டை விலையையே எடுங்கள்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும், 10 லட்சத்துக்கு மேல் போகாது. கட்டடத்துக்கு 25 லட்சம் போட்டால் சாமான்களுக்கு 5 லட்சம். அதில் உங்கள் புத்தகமே 4.32 லட்சத்தைத் தின்றுவிட்டால், பிரிட்ஜ், பீரோ, டிவி, கட்டில், பாத்திரம் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 68,000. ஆகவே விவரம் கொடுத்துச் சாமான் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். பழைய பாலிசிகளில் பாதித் தொகைக்குக் காப்பீடு எடுத்திருந்தால் நஷ்டத்திலும் பாதிதான் தருவார்கள். இந்தப் பாலிசியில் அந்த வெட்டு கிடையாது, ஆனாலும் எழுதிய தொகைக்கு மேல் ஒரு பைசா வராது.

கடையில் கிடைக்காதவை ஐம்பதோ அறுபதோ உங்களிடமும் இருக்கும். பிரிட்டிஷ் காலத்து வட ஆற்காடு மாவட்ட மேனுவல், நின்றுபோன சிற்றிதழ்களை பைண்டு செய்த தொகுப்பு, ஆசிரியர் கையெழுத்திட்ட முதற்பதிப்பு. இவற்றைத்தான் ஒவ்வொன்றாக, பொறுமையாக எழுத வேண்டும். முதல் பக்கம் கிழிந்து பதிப்பு ஆண்டு தெரியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள், சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரிக்கலாம். விலைக்கு, பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். சாதாரண விலைக்கு மிக மேலே போகும் பிரதி இருந்தால், அதை 'மதிப்புமிக்க பொருள்' பிரிவில் பேசி முடித்த விலைக்குச் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவில் மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஓலைச்சுவடியோ கையெழுத்துப் பிரதியோ இருந்தால், பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்காத வரை அதற்கு ஒன்றும் கிடைக்காது. கரையானும் பூச்சியும் அரித்ததற்கும் கிடைக்காது. திருட்டு என்றால், தீயோ வெள்ளமோ நடந்து 7 நாளுக்குள் போனதற்கு மட்டும்தான். மற்றபடி திருட்டுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

என் கதையையும் கேளுங்கள். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி டாங்க் ஒரு ராத்திரி முழுக்க வழிந்து, கீழ் இரண்டு தட்டும் ஊறிவிட்டன. ஊறிய புத்தகம் உப்பித் தட்டோடு இறுகிக்கொள்ளும், இழுத்தால் அட்டை மட்டும் கையில் வரும். வழவழத் தாள் புத்தகங்கள் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டன. நாற்றம் தாங்காமல் மறுநாளே அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன். நாலு நாள் கழித்து, நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்து 'புத்தகம் எங்கே சார்?' என்றார். என் பட்டியலில் 'புத்தகங்கள், 1 அலமாரி, 20,000' என்று ஒரே வரி. என்னென்ன புத்தகம் என்று கேட்டபோது பதினொன்றுக்கு மேல் பெயர் நினைவு வரவில்லை. தப்பு என்னுடையது. சர்வேயர் பார்க்காமல் ஒரு தாளைக்கூட வெளியே போடாதீர்கள். பாலாற்றில் வெள்ளம் போன 2021 நவம்பருக்குப் பிறகு அரிய புத்தகங்களை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

பில் விஷயம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் மிஷினில் வரும் வழவழப்பான பில், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் இருந்தே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் சில கடைகளில் கைப்பட எழுதிய சீட்டுதான் தருவார்கள், அதுவும் செல்லும். போனில் பணம் அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கிலேயே தடயம் இருக்கும். நோட்டையும் படங்களையும் அதே வீட்டுப் பீரோவில் மட்டும் வைத்தால் புத்தகத்தோடு அதுவும் போகும். ஒரு நகல் மின்னஞ்சலில் இருக்கட்டும், இன்னொன்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது. வருடம் ஒருமுறை, பாலிசியைப் புதுப்பிக்கும் மாதத்தில், புதுவரவைச் சேர்த்து விலையைத் திருத்துங்கள்.

சரி, குடியாத்தத்து முப்பது. காப்பீடு பாலிசியில் எழுதிய காட்பாடி முகவரிக்குத்தான், அதனால் தொகையில் சேர்க்க வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர், தேதியோடு தனியாக எழுதிவையுங்கள். திரும்பி வந்தால் முன்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.