ஊஞ்சல் ஆடியது, டீக்கடை ஆடவில்லை

வாசகர் கேள்வி பதில்

(கொடைக்கானலில் நிலநடுக்கப் பதிவு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மதுரை பசுமலையில் குடியிருப்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன். இரண்டேகால் மணி இருக்கும். நாலாவது மாடியில் எங்கள் வீட்டு ஊஞ்சல் யாரும் தொடாமலே ஆடியது. எனக்கும் தலை சுற்றியது. அலறியடித்துக் கீழே ஓடினால், டீக்கடை அண்ணன் "வெயில்ல மயக்கம் வந்திருக்கும் தங்கச்சி" என்று சிரித்தார். இன்றுவரை அதைச் சொல்லியே கேலி செய்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, செல்லூர்

பதில்: இரண்டு பேரும் சரி அம்மா. அதைவிட, உங்கள் வீட்டுக் கடிகாரம் ரொம்பச் சரி. சுமத்ராவுக்கு மேற்கே கடலில் அந்த நிலநடுக்கம் வந்தது நம் நேரப்படி 2 மணி 8 நிமிடத்துக்கு. அளவு 8.6. அங்கிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 1,850 கிலோமீட்டர். முதலில் ஓடி வருவது பி அலை. நாலு நிமிடத்தில் இங்கே வந்துவிடும். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு அதைக் கருவிக்குத்தான் தெரியும், மனிதருக்குத் தெரியாது. அதன் பின்னால் எஸ் அலை. அதற்கும் பின்னால், நிலத்தின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வரும் மேற்பரப்பு அலைகள். எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். கூட்டிப் பாருங்கள், இரண்டேகாலைத் தாண்டி ஒன்றிரண்டு நிமிடம். "2.08-க்கே ஆடியது" என்று எழுதியிருந்தால் நானும் டீக்கடை அண்ணன் பக்கம் சேர்ந்திருப்பேன்.

வழியில் சின்னச் சின்னத் துடிப்பெல்லாம் பாறையிலேயே கரைந்துபோகும். நீண்ட, மெதுவான ஆட்டம் மட்டும் மிஞ்சும். ஏழெட்டு அடிச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை போய்வர மூன்று விநாடி. நிலமும் அதே போக்கில் ஆடினால், குழந்தையைத் தாளம் பார்த்துத் தள்ளிவிடுகிற மாதிரி ஊஞ்சல் ஏறிக்கொண்டே போகும். மாடிக்கும் அப்படித்தான். சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும்போது பார்த்திருப்பீர்களே, வடம் பிடிப்பவருக்குச் சக்கரம்தான் தெரியும். உச்சியில் கலசம் எவ்வளவு ஆடுகிறது என்பது எதிர்வீட்டு மொட்டைமாடியில் நிற்பவருக்குத்தான் தெரியும். அண்ணன் சக்கரத்தின் பக்கம் இருந்தார், நீங்கள் கலசத்தின் பக்கம். அன்றைக்கு 4 மணி 13 நிமிடத்துக்கு இன்னொன்றும் வந்தது, 8.2. அப்போது நீங்கள் தெருவிலேயே நின்றுகொண்டிருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பூமியின் மேலோட்டில் ஒரு பாறைத் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே போகும் இடத்தில் பெரிய நிலநடுக்கம் வரும் என்று படித்தேன். அந்த இடத்தில் சரியாக எது உடைகிறது தாத்தா?
- பத்தாம் வகுப்பு மாணவி, திருமங்கலம்

பதில்: நல்ல கேள்வி பாப்பா. புத்தகத்தில் 'கீழமிழ்தல் மண்டலம்' என்று போட்டிருப்பார்கள். நான் 'தட்டு செருகும் இடம்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

கனமான பீரோவுக்கு அடியில் கோரைப்பாயைச் செருகிப் பார். வழவழவென்று போகாது. ஓர் இடத்தில் பிடித்துக்கொள்ளும். நீ தள்ளத் தள்ள விடாது, திடீரென்று ஒரு முழம் உள்ளே போகும். பூமியிலும் இரண்டு தட்டும் உரசும் பரப்பு நூற்றுக்கணக்கான வருடம் பிடித்துக்கொண்டிருக்கும். மேல்தட்டின் உதட்டையும் கீழ்த்தட்டு கூடவே இழுத்து வளைத்துக்கொண்டு போகும். பிடி விட்டதும் உதடு சடாரென்று எழும்பும். கடலுக்கு அடியில் அது எழும்பினால் மேலே உள்ள தண்ணீரும் எழும்பும். 2004 டிசம்பர் 26 காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை நடந்தது இதுதான். 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிய்த்துக்கொண்டு போக எட்டுப் பத்து நிமிடம் ஆயிற்று. அளவு 9.1.

உள்ளே போய்விட்ட தட்டும் உடையும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பை முழங்காலில் வைத்து வளைப்பார்கள். சக்கை எங்கே முதலில் கிழிகிறது? வளைவின் வெளிப்பக்கம். செருகப்பட்ட தட்டு பூமிக்குள் வளைந்து தொங்குகிறது. அதன் எடையே அதை இழுக்கிறது. 50, 80, 100 கிலோமீட்டர் ஆழத்தில் அது நடுவிலேயே கிழியும். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி அதே சுமத்ராவில் பாடாங் நகரத்துக்குப் பக்கத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஆழத்தில் இப்படி ஒன்று வந்தது. அளவு 7.6தான். பெரிய சுனாமி இல்லை, ஆனால் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

செல்லூர் அம்மாவின் ஊஞ்சலை ஆட்டிய 2012 நிலநடுக்கம் இந்த இரண்டிலும் சேராது. அது செருகும் இடத்துக்கு வெளியே, கடல்தட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்ந்தது. தண்ணீரைத் தூக்கவில்லை. 8.6 வந்தும் 2004 மாதிரி அலை எழாதது அதனால்தான்.

கேள்வி: உலகத்திலேயே பெரிய நிலநடுக்கம் சிலியில் வந்த 9.5 என்கிறார்கள். ஆனால் அதே சிலியில் அதைவிடச் சின்ன நிலநடுக்கத்தில் அதிகம் பேர் இறந்ததாகவும் ஓர் இடத்தில் படித்தேன். அச்சுப்பிழையா?
- ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், உசிலம்பட்டி

பதில்: அச்சுப்பிழை இல்லை ஐயா. செய்தியில் எண்ணை மட்டும் பெரிதாகப் போடுகிறார்களே என்று முப்பது வருடமாக நான் புலம்பும் விஷயமே இதுதான்.

1960 மே 22, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணி 11 நிமிடத்துக்கு வந்தது அந்த 9.5. அதற்குக் கால் மணி முன்னால் இன்னொரு பெரிய ஆட்டம் வந்து, ஜனங்கள் பயந்து தெருவுக்கு வந்துவிட்டார்கள். பெரியது வந்தபோது பலர் கூரைக்குக் கீழே இல்லை. சுனாமியையும் சேர்த்துச் சில ஆயிரத்துக்குள் சாவு நின்றது.

1939 ஜனவரி 24-ஐப் பாருங்கள். சில்யான் என்ற ஊர். இரவு பதினொன்றரை மணி. அளவு 7.8. ஆற்றல் கணக்கில் 1960-இல் வந்ததில் முந்நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் 32 மடங்கு என்பது கணக்கு. ஆனால் இறந்தவர்கள் 28,000 வரை என்கிறார்கள். இது நான் பாப்பாவுக்குச் சொன்ன கரும்பு வகை. கடலுக்கு அடியில் இல்லை, ஊருக்கு நேர் கீழே, செருகப்பட்ட தட்டுக்குள்ளேயே உடைந்தது. மேலே இருந்தவை பச்சை மண்கல் வீடுகள். அந்த வகை உடைப்பு வெடுக்கென்று வேகமான துடிப்பை அதிகம் அனுப்பும். தூரத்தில் வந்தால் வழியில் கரைந்திருக்கும். நேர் கீழே என்றால் கரைய இடம் இல்லை. வேகத் துடிப்புக்குக் குட்டையான, கனத்த மண்சுவர்தான் முதல் பலி.

மெக்சிகோ இன்னும் விசித்திரம். 1985 செப்டம்பர் 19, அளவு 8. உடைந்தது 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில். ஆனால் மெக்சிகோ நகரம் பழைய ஏரியின் களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு விநாடித் தாளத்தில் அந்தக் களிமண் கிண்ணத்துத் தயிர் மாதிரி ஆடியது. அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போன ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன.

சரியாக 32 வருடம் கழித்து, 2017-இல் அதே செப்டம்பர் 19. நினைவு நாள் என்பதால் காலை 11 மணிக்கு ஊர் முழுக்க ஒத்திகை. எல்லோரும் இறங்கி நின்று, திரும்பவும் மேலே போனார்கள். 1 மணி 14 நிமிடத்துக்கு நிஜமாகவே வந்தது. அளவு 7.1, ஆழம் 50 கிலோமீட்டர் அளவில், நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர்தான். இதுவும் கரும்பு வகை. இந்தமுறை தாளம் வேறு, வேகம் அதிகம். அதனால் 1985-இல் விழுந்ததைவிடக் குட்டையான கட்டடங்கள் விழுந்தன. நாடு முழுக்க 360 பேருக்கு மேல் போனார்கள். 12 நாள் முன்பு அதே நாட்டின் தெற்கே கடலில் 8.2 வந்திருந்தது, அது தூரம் என்பதால் தலைநகரம் தப்பித்தது.

அடுத்தமுறை தொலைக்காட்சியில் எண்ணைச் சொன்னால், எவ்வளவு ஆழம், ஊர் எவ்வளவு தூரம், அடியில் என்ன மண் என்று கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் முழிப்பார், பரவாயில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 800 அடி போர் போட்டும் கீழே என்ன இருக்கிறது என்று போர்வண்டிக்காரனுக்கே தெரியவில்லை. 80 கிலோமீட்டர் ஆழத்தில் உடைந்தது என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?
- விவசாயி, மேலூர்

பதில்: (சிரித்துவிட்டேன் அண்ணே.) என் காலத்துக் கருவியில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி, உருளையில் சுற்றிய போட்டோத் தாளில் விழும். உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். தினமும் சிவப்பு விளக்கில் தாளை மாற்றி, டெவலப்பர் தட்டிலும் ஃபிக்ஸர் தட்டிலும் போட்டுக் கழுவி, கிளிப்பில் தொங்கவிட வேண்டும். ஒருமுறை ஃபிக்ஸரில் போடும் முன்பே, டீ வந்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். பூமி ஒரு நாள் முழுக்க எழுதியது அப்படியே கறுத்துப் போயிற்று. அன்றைக்கு எங்கேயும் பெரிதாக வந்திருக்கக் கூடாதே என்று சாயங்கால ரேடியோச் செய்தி வரை வயிற்றைக் கலக்கியது. தப்பு முழுக்க என்னுடையது.

அந்த வேக உருளை நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் ஓடும், அதாவது விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர். பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவே மூன்றரை நிமிடம் இருந்தால், தூரம் சுமத்ராவின் வடமுனை அளவுக்கு என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். ஆழத்துக்கு வேறு வழி. உடைந்த இடத்திலிருந்து ஓர் அலை நேராக நம்மிடம் வரும். இன்னொன்று முதலில் மேலே போய், நிலத்தின் மேற்பரப்பில் முட்டித் திரும்பி, பின்னாலேயே வரும். நான் அதற்கு 'மாடிக்குப் போய் வந்தவர்' என்று பேர் வைத்திருந்தேன். உடைந்தது ஆழத்தில் என்றால் மாடிக்குப் போய்வர நேரம் ஆகும், அவ்வளவுதான் சூத்திரம். இந்தோனேசியாவின் பாண்டா கடலில் 100 கிலோமீட்டர் ஆழத்தில் ஒன்று வந்தால் இரண்டுக்கும் இடைவெளி 25 விநாடி அளவு இருக்கும். தாளில் 25 மில்லிமீட்டர். நூறு கிலோமீட்டர் ஆழம் என் கட்டைவிரல் அடியில் ஓர் அங்குலமாகக் கிடக்கும். லென்ஸை வைத்துக்கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்தால் அந்த நாளுக்கு அதுவே போதும்.

1920-களிலும் 30-களிலும் ஜப்பானில் கியோ வடாட்டி என்பவர், பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவே உள்ள நேரத்தைப் பல ஊர்களில் ஒப்பிட்டு ஆழங்களைக் கணக்கிட்டுக் காட்டினார். கடற்பக்கம் ஆழம் குறைவு, நிலத்துக்குள் போகப் போக ஆழம் அதிகம், படிக்கட்டு இறங்குகிற மாதிரி. சில இடங்களில் 700 கிலோமீட்டர் வரை. தட்டு உள்ளே போகிறது என்ற பேச்சே அப்போது கிடையாது. அவர் வரைந்தது செருகப்பட்ட தட்டைத்தான் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கேள்வி: மதுரைக்குச் சுனாமி வருமா?
- வாசகர், அனுப்பானடி

பதில்: வராது. கடல் தூரம், ஊர் மேடு. வைகையில் தண்ணீர் வருமா என்று கேட்டிருந்தால் யோசிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கண்மாயை நிரவி எழுப்பிய அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். ஐந்து மாடி, கீழ்த்தளம் முழுக்கத் தூண் மட்டும், கார் நிறுத்த. மெக்சிகோ வீடியோ பார்த்ததிலிருந்து என் மாமியாருக்குத் தூக்கமில்லை. பயப்படலாமா?
- வாசகி, மதுரை

பதில்: மெக்சிகோ மாதிரி தட்டு செருகும் இடம் நமக்குக் கீழே இல்லை, அதை முதலில் மாமியாரிடம் சொல்லுங்கள். 2002-இல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலம், இருப்பதிலேயே குறைந்தது. ஆனால் இரண்டாம் மண்டலம் என்றால் ஒன்றுமே வராது என்று அர்த்தமில்லை. தட்டின் விளிம்பிலிருந்து விலகியிருந்தும் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் வந்தது. 1993-இல் லாத்தூரில் 6.2 வந்து ஒன்பதாயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

மண் இளகல் என்பதும் உண்மை, கீழே வெறும் தூண் என்பதும் உண்மை. 2017-இல் மெக்சிகோவில் விழுந்தவற்றில் கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தவும் கடைக்கும் திறந்துவிட்ட கட்டடங்கள் நிறைய. மேலே சுவர் சுவராகக் கனம், கீழே குச்சிக் கால். ஆட்டம் முழுதும் அந்தக் காலில்தான் இறங்கும். வழி இல்லாமல் இல்லை. தூணுக்கு நடுவே சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம், தூணைச் சுற்றிப் பருமனாக்கலாம். கட்டும்போது மண் பரிசோதனை செய்தார்களா என்று சங்கத்தில் கேளுங்கள், அறிக்கை இருந்தால் நகல் வாங்குங்கள். கீழ்த்தளத்தில் தூண் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், லிஃப்டைச் சுற்றி இருப்பது கான்கிரீட்டா செங்கல்லா என்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். நான் பொறியாளர் இல்லை. என் மாப்பிள்ளை கட்டடப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது அவரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.