மேலே சரளை, கீழே மணல், நடுவே ஓடை: சரிவு நிலத்தில் மண் அரிப்பு

கேள்வி: மூன்று ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம், 3 சதவீதச் சரிவு. மேற்பகுதியில் சரளை தெரிகிறது, கீழ் வரப்போரம் மணல் மேடிடுகிறது. நடுவில் முழங்கால் ஆழ ஓடை. கல் போட்டு அடைத்தாலும் பக்கத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. கோடையில் புழுதியும் பறக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த மணல் மேட்டைக் கிளறிப் பாருங்கள். ஓடை வாயருகே பருமணல், தள்ளிப் போகப் போக நைசு மணல். களி மட்டும் இருக்காது. தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் கனமானதை முதலில் போடும். உரத்தைப் பிடித்து வைக்கும் களி கலங்கல் நீரோடு வெளியேறிவிடும். நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும். ஆகவே தண்ணீரை அடைக்காதீர்கள், வேகத்தை உடையுங்கள்.

வேலையை மேலிருந்து தொடங்குங்கள். 3 சதவீதச் சரிவுக்குச் சுமார் 30 மீட்டருக்கு ஒரு சமமட்ட வரப்பு (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் செல்லும் வரப்பு) போதும். மட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்துப் புள்ளியிடுங்கள். உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்காகவே இருக்கட்டும்.

அடுத்து ஓடை. உங்கள் கல் தடுப்பின் நடுப்பகுதி கரையோரத்தைவிட உயர்ந்தோ, சமமாகவோ இருந்திருக்கும். அப்போது தண்ணீர் கரையைத்தான் வெட்டும். நடுவை 15 செ.மீ. தாழ்த்துங்கள், இரு முனைகளையும் கரைக்குள் அரை மீட்டர் செருகுங்கள், தண்ணீர் விழும் இடத்தில் தட்டைக் கற்கள் பரப்புங்கள். இதை விட்டால் அடிமண் குடைந்து தடுப்பே சரியும். கீழ்த் தடுப்பின் நடுத் தாழ்வு மேல் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக வர வேண்டும்: தாழ்வு வரை 60 செ.மீ. உயரமென்றால், ஓடைத் தரையும் 3 சதவீதமே சரியும்போது இடைவெளி 20 மீட்டர். பின்னால் சேரும் வண்டலை அள்ளாதீர்கள். அதில் 10-15 செ.மீ. இடைவெளியில் வெட்டிவேர் நாற்று நடுங்கள்.

புழுதிக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணைப் பொடியாக்கும் உழவு. 0.1 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள மணிகள் காற்றில் குதித்துக் குதித்து விழுந்து, நுண்துகளைக் கிளப்பிவிடுகின்றன. அறுவடைத் தாளை நிற்க விடுங்கள். உழுதால் கட்டி கட்டியாக விடுங்கள், ரோட்டவேட்டர் வேண்டாம். காற்று வரும் பக்கம் மரவரிசை வைத்தால் மர உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் நல்ல காப்பு கிடைக்கும். சுவர்போல அடைத்து நடாதீர்கள், பின்பக்கம் சுழல் எழும். பாதிக் காற்று ஊடே போகட்டும்.

கீழே குவிந்த மணலை மேலே ஏற்றுவது வீண் செலவு. பண்ணைக்குட்டை இருந்தால் அதில் படியும் வண்டலை அள்ளிச் சரளைப் பகுதியில் பரப்புங்கள்.