சின்னப் படகுக்கு எந்த நங்கூரம்?

கேள்வி: மேரிலாந்தில் வசிக்கிறோம். பழைய கேட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கூடவே இரண்டு தட்டைத் தகடுகள் கொண்ட டான்ஃபோர்த் வகை நங்கூரம் ஒன்றும் 50 அடி மஞ்சள் பிளாஸ்டிக் கயிறும் வந்தன. இந்தக் கோடையில் செசபீக் விரிகுடாவின் ஓடைகளில் பிள்ளைகளோடு இரவு தங்க ஆசை. இன்னும் பெரிய நங்கூரம் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது கயிறு. நங்கூரம் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. தரையைக் கவ்விப் பிடிக்கிறது. இழுப்பு தரையோடு படிந்து வந்தால் மண்ணுக்குள் இன்னும் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும், எத்தனை கிலோ இருந்தாலும் சரி.

அதற்காகத்தான் கயிற்றை நீளமாக விடுகிறோம். தண்ணீர் 8 அடி, தண்ணீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 3 அடி, ஓதம் (கடல்மட்டம்) ஏறினால் இன்னும் 2 அடி என்று வையுங்கள். மொத்தம் 13 அடி. இரவு தங்க அதைப்போல் 7 மடங்கு, அதாவது 91 அடி வெளியே போக வேண்டும். உங்களிடம் இருக்கும் 50 அடி நாலு மடங்குகூட வராது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆகவே காற்று வலுத்தால் 10 மடங்கு வெளியே போகும் அளவுக்குக் கையில் கயிறு வேண்டும். 150 அடி நைலான் வாங்குங்கள்.

நைலான்தான் வேண்டும். அது ரப்பர்போல் நீண்டு சுருங்கி, அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். மஞ்சள் கயிறு தண்ணீரில் மிதக்கிற ரகம். என்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், வெயிலில் சீக்கிரம் இற்றும் போகும். பலத்துக்கு 3/8 அங்குல நைலானே போதும். ஆனால் ஈரக் கையால் இழுக்க அரை அங்குல முப்புரிக் கயிறுதான் சுகம்.

கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் 1/4 அங்குல கால்வனைஸ்டு சங்கிலி 20 அடி போடுங்கள். சுமார் 6 கிலோ வரும். இழுப்பைத் தாழ்த்தி வைக்கும், தரையில் கிடக்கும் சிப்பியில் கயிறு அறுபடாமலும் காக்கும். முழுக்கச் சங்கிலியே நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு டன் எடையுள்ள படகின் முன்பக்கத்தில் அவ்வளவு இரும்பை ஏற்றக் கூடாது.

இனி நங்கூரம். செசபீக்கின் அடி பெரும்பாலும் சேறு. சேற்றில் டான்ஃபோர்த் வகையின் அகலத் தகடுகளுக்கு நல்ல பிடிமானம் உண்டு, ஆகவே அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் குறை வேறு. கோடை மாலையில் இடிமழையோடு காற்று சட்டென்று எதிர்த்திசைக்குத் திரும்பும். அப்போது தகடு பிடுங்கிக்கொண்டால், இடையில் ஒரு சிப்பியோ கட்டையோ சிக்கி, மறுபடி கவ்வாமலே போகலாம். பிள்ளைகள் தூங்கும் படகுக்கு நான் அந்த அபாயத்தை ஏற்க மாட்டேன். ராக்னா, மேன்டஸ் போன்ற மண்வெட்டி வடிவ நங்கூரங்கள் திரும்பியதும் தாமே கவ்வுவதில் தேர்ந்தவை. 6 கிலோ அளவில் ஒன்றை வாங்குங்கள். பழையது பகலில் சாப்பாட்டுக்கு நிறுத்தவும், இரண்டாவது நங்கூரமாகவும் இருக்கட்டும்.

அப்புறம் ஷேக்கிள், அதாவது சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் U வடிவ வளையம். அதன் திருகாணி ஆட ஆடத் தானே கழன்றுவிடும், கம்பியால் கட்டிவையுங்கள். கயிற்றின் மறுமுனை படகுக்குள் ஏதாவது உறுதியான இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறதா என்பதையும் நங்கூரம் இறக்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.