இங்கே ஆண்டு விழா கிடையாது, தங்கச்சி

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சிக்கு, வணக்கம். வீட்டுக்காரர் பாரிஸ் பக்கம் வேலையில் சேர்ந்துவிட்டார், நீங்களும் ஏழு வயது மகளும் ஆகஸ்டில் வருகிறீர்கள், பிள்ளை வயலின் கற்கிறாள், ஆண்டு விழாவில் வாசித்துப் பரிசும் வாங்கியிருக்கிறாள். இங்கே பள்ளியில் பாட்டு, விழா, மற்ற பயிற்சிகள் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, வங்கிக் கணக்கு, புழுங்கல் அரிசி. வாடகையும் வங்கியும் உங்கள் வீட்டுக்காரர் தலைவலி. அரிசிக்குப் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பேல் பகுதி இருக்கிறது, கருவாடு வரை கிடைக்கும். நான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். அதைப் பற்றித் தப்புத் தப்பாகச் சொல்லத்தான் ஆட்கள் நிறைய.

"எல்லாம் ஸ்கூலே பார்த்துக்கும், எல்லாம் ஃப்ரீ" என்பார்கள் நம்மூர்க்காரர்கள். பாடம் இலவசம், சரி. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆண்டு விழா கிடையாது. காலைக் கூட்டம் கிடையாது, தமிழ்த்தாய் வாழ்த்து மாதிரி எல்லோரும் வரிசையில் நின்று பாடுவதும் கிடையாது, சீருடையும் அநேகமாக இல்லை. பாடத்திட்டத்தில் இசை உண்டு. பாரிஸ் நகரத்துக்குள் என்றால் இசைக்கும் ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் நகராட்சியே தனி ஆசிரியர்களை வைத்திருக்கிறது. வெளியே புறநகரில் பெரும்பாலும் வகுப்பு ஆசிரியைதான். அவருக்குப் பாட்டில் ஆசை இருந்தால் வருடம் முழுக்கப் பாட்டு, இல்லையென்றால் ஜூன் மாதப் பள்ளித் திருவிழாவுக்கு மட்டும் பாட்டு.

பாடினாலும் கும்பலாகத்தான். நான் தொண்ணூறுகளில் மகனோடு வந்து இறங்கியபோது அவன் முத்தியால்பேட்டைப் பள்ளியில் சுதந்திர தினத்துக்கு மைக் பிடித்துப் பாடிய பிள்ளை. இங்கே கோரஸில் மூன்றாவது வரிசையில் நிறுத்தினார்கள். தனிப்பாட்டு இல்லை, முதல் பரிசு இல்லை, கோப்பை இல்லை. ஊரிலிருந்து மாமியார் போனில் "என்ன பிரைஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் மூன்றாவது வரிசையில் சந்தோஷமாகத்தான் இருந்தான். எனக்குத்தான் அது பிடிபட நாளானது.

உண்மையான சங்கீதப் படிப்பு பள்ளிக்கு வெளியே, மேரி நடத்துகிற கொன்செர்வத்துவார் என்கிற இசைப்பள்ளியில். மேரி என்றால் நகராட்சி. நம்மூர் கடற்கரைச் சாலையில் 2014-ல் இடிந்து விழுந்து திரும்பக் கட்டினார்களே மேரி கட்டடம், அதே சொல்தான். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். செப்டம்பரில் வந்து கேட்டால் இடம் இருக்காது. பதிவு பல ஊர்களில் மே, ஜூனிலேயே நடக்கும், பாரிஸில் சின்னப் பிள்ளைகளின் ஆரம்ப வகுப்புக்குக் குலுக்கல்கூடப் போடுகிறார்கள். வீட்டுக்காரர் முன்னாலேயே இங்கே இருக்கிறார் அல்லவா, இப்போதே போய் விசாரிக்கச் சொல்லுங்கள். தவறவிட்டால் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையோ ஞாயிறோ ஊர்ச் சங்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மேசை போட்டு உட்காரும். ஜூடோ, நடனம், நாடகம், கிதார், எல்லாவற்றுக்கும் அங்கேயே சேர்க்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் நல்ல நேரங்கள் நிரம்பிவிடும். பெரும்பாலான ஊர்களில் புதன்கிழமை வகுப்பு கிடையாது, அதனால் புதன்கிழமை இடத்துக்குத்தான் அடிதடி.

அப்புறம் பணம். மதியச் சாப்பாடு, பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்வது, புதன்கிழமை விளையாட்டு மையம், பல இடங்களில் சங்கீதக் கட்டணம், எல்லாவற்றையும் குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். கொசியான் ஃபமிலியால் என்று ஒரு எண். அதற்கான காகிதத்தை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்றால் அதிகபட்சக் கட்டணம்தான், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் ஒரு அலுவலகத்தில் அப்படித்தான் வருடம் முழுக்க வாங்கினார்கள், கேட்டதற்கு "போன மாதங்களுக்குத் திருப்ப முடியாது" என்று ஜன்னலை மூடிவிட்டார்கள். அதைவிட எரிச்சல், அதே மாடியில் குடியிருந்த நம்மூர் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டு அம்மா எல்லாம் தெரிந்தவர். "நீ கேக்கலையே" என்றார்! முதல் வருடம் உங்களிடம் வரிக் காகிதம் இருக்காது, சம்பளச் சீட்டை ஏற்பார்களா என்று கேளுங்கள்.

வயலினைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பிள்ளை வளர வளர அளவு மாறும், இங்கே வாடகைக்குக் கிடைக்கும். இன்னொன்று, இவள் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசித்தவள். இங்கே நின்றுகொண்டு, சோல்-ரே-லா-மி என்று நான்கு தந்தியும் வேறு. நம் ஸட்ஜம் எந்தக் கட்டையிலும் போய் உட்காரும், இவர்களுடைய தோ என்கிற ஸ்வரம் இடத்தைவிட்டு அசையாது. கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் முதல் வருடம் திணறும், அழும். ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டையும் விடாமல் வைத்துக்கொள்ள முடியும்.

விழாக்கள். பிரான்ஸ் என்றால் கிறிஸ்தவ நாடு, கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்பார்கள் என்று நினைத்து வருகிறார்கள் கன்னியாஸ்திரி பள்ளியில் படித்த நம் பெண்கள். அரசுப் பள்ளிக்கும் மதத்துக்கும் 1882-லேயே தொடர்பு அறுந்தது. மரம் உண்டு, தாத்தா உண்டு, குழந்தை ஏசு இல்லை. தீபாவளிக்கென்று விடுமுறை கிடையாது. ஜனவரியில் ராஜா கேக், உள்ளே சின்னப் பீங்கான் பொம்மை இருக்கும், கடிக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். அது கிடைத்தவருக்குக் காகித முடி. வசந்தத்தில் கார்னவால், வேஷம் போட்டு அனுப்ப வேண்டும். பிறந்த நாளுக்கு வீட்டில் செய்த கேசரி வேண்டாம், ஒவ்வாமைக்குப் பயந்து பல பள்ளிகளில் கடையில் வாங்கியதைத்தான் ஏற்பார்கள்.

வகுப்போடு வெளியூர் போய்ச் சில இரவுகள் தங்கிவருவது ஒன்று உண்டு, கடலுக்கோ மலைக்கோ. "பொம்பளைப் பிள்ளை, எப்படி அனுப்பறது" என்று நிறுத்திவிடுகிற நம் குடும்பங்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. திரும்பி வந்த வகுப்பு மாதக்கணக்கில் அதைப் பற்றியே பேசும், உங்கள் பிள்ளை மட்டும் வாயை மூடி உட்கார்ந்திருக்கும். அனுப்புங்கள். காசு இடித்தால் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், தவணை உண்டு. இந்த மாதிரிப் பயணத்துக்குப் பள்ளிக் காப்பீட்டுச் சான்று கட்டாயம், செப்டம்பரிலேயே எடுத்துவிடுங்கள்.

தமிழுக்கும் பரதத்துக்கும் மிருதங்கத்துக்கும் ஈழத்தமிழர்களிடம் போங்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வெறுங்கையோடு வந்தவர்கள், வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, அரங்கேற்றம் என்று கட்டி எழுப்பியிருக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்கள் நாம் அவர்களுக்கு முன்னாலேயே பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு சௌகரியமாக வந்து, கல்யாண மண்டபத்தில் பிரியாணி போட்டதுதான் மிச்சம். பேரப்பிள்ளையிடம் பாட்டி உடைந்த பிரெஞ்சில் பேசுகிற கூத்தை நம் வீடுகளில்தான் பார்க்கலாம்.

ஜூன் கடைசியில் கெர்மெஸ் வரும். பள்ளி முற்றத்தில் பாட்டு, நடனம், பெற்றோர் போடும் கடைகள். உங்களைப் பார்த்ததும் சமோசா கேட்பார்கள், இந்தியர் என்றால் சமோசாதான். எங்கள் வீட்டில் யார் சமோசா செய்தார்கள்? நான் மசால் வடை போட்டேன், முதல் ஈடு எடுப்பதற்குள் வரிசை நின்றது. அடுத்த வருடத்திலிருந்து என் பெயர் வடை அம்மாதான். பெற்றோர் சங்கத்தில் கட்டாயம் பெயர் கொடுங்கள். முதல் வருடம் வடைக்குப் போகாதீர்கள், வெயிலில் அடுப்படியிலேயே போய்விடும், மகள் ஆடுவதைப் பார்க்க முடியாது. தூண்டில் போட்டுப் பொம்மை எடுக்கிற கடையில் நில்லுங்கள். அதற்கு அவ்வளவாகப் பிரெஞ்சு தேவைப்படாது, பிள்ளைகள் எல்லோருக்கும் உங்கள் முகம் தெரிந்துவிடும்.